தொழில் அனுபவத்தைக் காட்டி என்.வி.கியூ. எடுத்துப் பட்டப்படிப்புக்குப் போவது எப்படி? மலையகத்தாருக்கு ஒரு வழிகாட்டி

உயர்தரம் எழுதாமல், அல்லது எழுதியும் சரிவராமல், வேலைக்குப் போய்விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பெக்டரியில் வயர்மேன், ஹட்டனில் வெல்டிங் பட்டறை, கொழும்பு ஹோட்டலில் குசினி, பண்டாரவளையில் தச்சு வேலை என்று நம் பக்கத்தில் தொழில் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. தொழில் தெரியும் என்று காட்ட ஒரு தாள்தான் இருக்காது. அந்த அனுபவத்தையே சான்றிதழாக்கி, அதை வைத்து டிப்ளோமா, பிறகு பட்டம் என்று ஏறிப்போக இலங்கையில் அரசாங்க வழி ஒன்று இருக்கிறது. தேயிலைப் பெக்டரியில் மின்வேலை பார்த்துக்கொண்டே நான் அந்த வழியில் இறங்கினேன்.

வழி நல்ல வழிதான். ஆனால் முழு வழியையும் சொல்லித்தரும் ஆளை ஒரே ஆபீஸில் காண முடியாது. ஒருவருக்கு மதிப்பீடு வரைக்கும் தெரியும், இன்னொருவருக்கு டிப்ளோமாவுக்குப் பிறகுதான் தெரியும். நடுவில் நாம் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

படிகளுக்கு முன் சில பெயர்கள். என்.வி.கியூ. என்பது தேசிய தொழில் தகைமை. அதில் 7 மட்டங்கள் உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 டிப்ளோமா, 6 உயர் டிப்ளோமா, 7 பட்டம். இதையெல்லாம் நிர்வகிப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. கொழும்பு நாரஹேன்பிட்டியில் நிபுணதா பியச கட்டடத்தில் இருக்கிறது. நாம் நேரடியாகப் பழகப்போவது பெரும்பாலும் நைட்டாவோடு, அதாவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபையோடு. இல்லாவிட்டால் தொழிற்பயிற்சி அதிகார சபையோடு. வகுப்புக்குப் போகாமல், ஏற்கெனவே தெரிந்த தொழிலை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முறைக்கு ஆர்.பி.எல். என்று பெயர். ஆபீஸில் போய் "ஆர்.பி.எல். செய்ய வேண்டும்" என்று சொன்னாலே போதும், புரிந்துகொள்வார்கள். இதற்கு ஓ.எல். சித்தி கேட்பதில்லை.

1. மேலே இருந்து கீழே பார்த்துத் திட்டம் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் முதலில் ஏதோ ஒரு என்.வி.கியூ. எடுப்போம், பிறகு பார்க்கலாம் என்று தொடங்குகிறார்கள். வெளிநாட்டு வேலைக்கு மட்டும் என்றால் அது பரவாயில்லை. பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் அப்படித் தொடங்கக் கூடாது.

காரணம் இதுதான். எல்லாத் தொழிலுக்கும் ஏணி கடைசி வரை போவதில்லை. சில தொழில்கள் 3ஆம் மட்டத்தோடு நின்றுவிடும், சில 4ஆம் மட்டத்தோடு நிற்கும். 5ஆம் மட்ட டிப்ளோமாவில் சேரும்போது "உரிய துறையில் 4ஆம் மட்டம்" என்று கேட்பார்கள். அந்த "உரிய துறை" என்ற சொல்லில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் 4ஆம் மட்டச் சான்றிதழ் இருக்கும், நீங்கள் விரும்பும் டிப்ளோமா அதை ஏற்காது.

அதனால் முதலில் எந்தப் பட்டம் வேண்டும் என்று முடிவெடுங்கள். இரத்மலானை, கந்தவளையில் இருக்கும் யுனிவோடெக் பல்கலைக்கழகம் தொழில்வழி வருபவர்களுக்காகவே அமைக்கப்பட்டது. மெக்கட்ரோனிக்ஸ், கட்டடச் சேவைகள், உற்பத்தித் தொழில்நுட்பம், உணவு பதனிடல், மென்பொருள் போன்ற துறைகளில் அங்கே பட்டம் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் பட்டத்துக்கு என்ன டிப்ளோமா கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த டிப்ளோமாவுக்கு எந்த 4ஆம் மட்டம் கேட்கிறார்கள் என்று அடுத்ததாகப் பாருங்கள். அப்புறம்தான் ஆர்.பி.எல். படிவத்தில் தொழிலின் பெயரை எழுத வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் என்.வி.கியூ. 4ஆம் மட்டத்தை உயர்தரத்துக்குச் சமமான படியில்தான் வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் பேராதனைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகப் போக உயர்தரப் பெறுபேறும் இசட் புள்ளியும் வேண்டும். படி ஒன்றுதான் என்றாலும் கதவு வேறு.

2. உங்கள் தொழிலின் தகைமை நியமத்தை எடுத்து வாசியுங்கள்

ஒவ்வொரு தொழிலுக்கும் தேசியத் தகைமை நியமம் என்று ஓர் ஆவணம் இருக்கிறது. அந்தத் தொழிலில் என்னென்ன அலகுகள், ஒவ்வோர் அலகிலும் என்னென்ன செய்துகாட்ட வேண்டும் என்று வரி வரியாக எழுதியிருப்பார்கள். தொழிற்கல்வி ஆணைக்குழுவின் இணையதளத்தில் எடுக்கலாம். முடியாவிட்டால் நைட்டா மாவட்ட ஆபீஸில் கேளுங்கள்.

அதைப் பிரிண்ட் எடுத்து, தெரிந்ததற்கு ஒரு சரி, தெரியாததற்கு ஒரு வட்டம் போடுங்கள். பெக்டரியில் வேலை செய்தவருக்கு மோட்டார், ஸ்டார்ட்டர், பேனல் எல்லாம் அத்துப்படியாக இருக்கும். வீட்டு வயரிங்கில் வட்டம் விழும். டவுனில் வீடு வயரிங் செய்தவருக்கு நேர்மாறு. வட்டம் விழுந்த இடங்களுக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். பக்கத்தில் வீடு கட்டும் பாஸிடம் சொல்லி, சில ஞாயிற்றுக்கிழமைகள் கூடப்போய் வேலை செய்தால் அந்த இடைவெளி அடைபட்டுவிடும்.

3. பெயரைச் சரிசெய்யுங்கள்

மலையகத்தில் இந்த வேலை மற்ற எல்லாவற்றையும்விட நேரம் தின்னும். அதனால் இதை முதலிலேயே தொடங்குங்கள்.

நம் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலையில் ஒரு பெயர், தோட்டத்துப் பேர்ப் பதிவான செக்ரோலில் இன்னொரு பெயர். பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருந்தால் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அப்பாவின் பெயர் ஓரிடத்தில் முழுதாக, ஓரிடத்தில் முதலெழுத்தாக மட்டும் இருக்கும். என்.வி.கியூ. சான்றிதழ் ஆங்கிலத்தில் அச்சாகும். விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய எழுத்துத்தான் அதில் வரும். பின்னால் டிப்ளோமாவும் பட்டமும் அதே எழுத்தையே பிடித்துக்கொண்டு போகும்.

பழைய லேமினேட் அடையாள அட்டை வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அதில் ஆங்கிலப் பெயரே இருக்காது. ஆகவே கணேசன் என்பதற்கு ஒரு எஸ்ஸா, எஸ் எச்சா என்று யாராலும் சொல்ல முடியாது. கடவுச்சீட்டு இருந்தால் அதில் உள்ளபடி எழுதுங்கள். அதுவும் இல்லாவிட்டால் ஓ.எல். பெறுபேற்றுச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். புதிய ஸ்மார்ட் அடையாள அட்டையில் ஆங்கிலத்திலும் பெயர் இருப்பதால், முடிந்தால் அட்டையைப் புதுப்பித்துவிட்டே தொடங்குவது நல்லது. அடையாள அட்டை இலக்கத்திலும் ஒரு சிக்கல் வரும். பழைய கடிதங்களில் 9 இலக்கமும் வீ எழுத்தும் இருக்கும், புதிய அட்டையில் 12 இலக்கம். இரண்டையும் எல்லாப் படிவத்திலும் சேர்த்து எழுதுங்கள்.

பெயர் வேறுபாடு சிறியதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைக் குறிக்கின்றன என்று ஒரு சத்தியக்கடதாசி சமாதான நீதவானிடம் முடித்துக்கொள்ளலாம். பெரியதாக இருந்தால் பிறப்புச் சான்றிதழையே திருத்த வேண்டும். அதற்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவுக்குப் போங்கள், மாதக்கணக்கில் ஆகும் என்று நினைத்துக்கொண்டே போங்கள்.

பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுக்கப் பிறந்த ஊருக்கே ஓட வேண்டியதில்லை. 1960 ஜனவரி 1க்குப் பிறகு பதிவான பிறப்புக்கு நாட்டின் எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கலாம். கொழும்பில் வேலை செய்பவர்கள் அங்கேயே எடுத்துவிடுங்கள். பிறப்பே பதிவாகாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. கிராம உத்தியோகத்தரிடமிருந்து அதற்கான வேலையைத் தொடங்க வேண்டும்.

நுவரெலியா மாவட்டத்தில் முன்பு 5 பிரதேச செயலகப் பிரிவுகள்தான் இருந்தன, இப்போது 10. தலவாக்கலை, நோர்வூட் என்று புதிதாகப் பிரித்திருக்கிறார்கள். "எங்களுக்கு கினிகத்தேனைதான்" என்று பழைய பழக்கத்தில் பஸ் ஏறிவிடாமல், உங்கள் டிவிசன் இப்போது எதற்குள் வருகிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வேலை செய்ததற்கு அத்தாட்சி சேர்த்து ஒரு ஃபைல் போடுங்கள்

ஆர்.பி.எல்.லில் உங்கள் தலையெழுத்து இந்த ஃபைலில்தான் இருக்கிறது. மதிப்பீட்டாளர் உங்களை முன்பின் பார்த்ததில்லை. நீங்கள் யார், எவ்வளவு காலம், என்ன செய்தீர்கள் என்பதை ஃபைல்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

முதலில் சேவைக் கடிதம். தோட்டத்தில் இதை வாங்குவது ஒரு கலை. நம் பெக்டரிகளில் பல வருடம் வயர்மேன் வேலை பார்த்தவரைக்கூடச் செக்ரோலில் வெறும் தொழிலாளி என்றுதான் போட்டிருப்பார்கள். ஆபீஸில் கடிதம் கேட்டால் பெரிய கிளாக்கர் செக்ரோலைப் பார்த்து, "இவர் எமது தோட்டத்தின் தொழிலாளி" என்று இரண்டு வரி எழுதித் தந்துவிடுவார். ஆர்.பி.எல்.லுக்கு அந்தக் கடிதம் உதவாது. ஆகவே ஆபீஸுக்குப் போகுமுன் பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரைப் பாருங்கள். நீங்கள் உண்மையில் செய்யும் வேலை அவருக்குத்தான் தெரியும். கடிதத்தின் மாதிரியை ஆங்கிலத்தில் டைப் செய்து கொண்டுபோய்க் கொடுத்து, அவர் சரி என்று சொன்ன பிறகு துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) கையெழுத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெறுங்கையோடு போனால் "நாளைக்கு வா" தான்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர், அட்டை இலக்கம், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, தொழிலின் பெயர், செய்த வேலைகளின் பட்டியல், கையெழுத்து, முத்திரை, தொடர்பு கொள்ளத் தொலைபேசி இலக்கம். வேலைப் பட்டியலை 2ஆம் படியில் எடுத்த நியமத்தின் அலகுகளைப் பார்த்து எழுதுங்கள். "மின்வேலைகள் செய்தார்" என்பது போதாது. "வாட்டும் ட்ரஃப் விசிறிகளின் மோட்டார்களைப் பராமரித்தார், ரோலர் மோட்டாரின் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை வயர் செய்தார், ட்ரையரின் கட்டுப்பாட்டுப் பேனலில் பழுது பார்த்தார்" என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு ஆள் கண்ணுக்குத் தெரிவார். செய்யாததை எழுத வேண்டாம். அந்த வரியைப் பிடித்துத்தான் கேள்வி வரும்.

அடுத்தது ஊழியர் சேமலாப நிதிக் கூற்று. கடிதத்தில் சொன்ன காலம் உண்மைதான் என்று காட்ட இதைவிட நல்ல தாள் கிடையாது. தோட்டம் கைமாறியிருந்தால் நிறுவனத்தின் பெயரும் இலக்கமும் மாறியிருக்கும். இரண்டு கூற்றையும் வையுங்கள்.

கொந்தரப்பு வேலை செய்தவர்களுக்குச் சேமலாப நிதியும் இருக்காது, துரையும் இருக்க மாட்டார். அவர்கள் வேலை செய்து கொடுத்த வீட்டுக்காரர், கடைக்காரர், கோயில் பரிபாலன சபை ஆகியோரிடம் கடிதம் வாங்கலாம். பில் புத்தகத்தின் அடிக்கட்டை, சாமான் வாங்கிய ரசீது, எல்லாம் அத்தாட்சிதான்.

வெளிநாட்டில் வேலை செய்தவர்கள் ஒப்பந்தம், கடவுச்சீட்டில் வீசா பக்கம், அங்கே கொடுத்த பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றை வைக்கலாம். அரபியில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் மொழிபெயர்க்க வேண்டும். இராணுவத்தில் மின்னியலாளராகவோ வாகன மெக்கானிக்காகவோ இருந்து முறையாக விலகியவர்களுக்கும் இதே வழிதான். விடுகைப் பத்திரமும், படையில் முடித்த பயிற்சிகளின் சான்றிதழ்களும் அவர்களுடைய ஃபைலில் முன்பக்கம் வர வேண்டும். பயிற்சி முடித்தார் என்று மட்டும் இல்லாமல், அதில் என்ன படித்தார் என்ற பாட விவரமும் சேர்ந்திருந்தால் மதிப்பு கூடும்.

பிறகு படங்கள். போனில் எடுங்கள். வேலைக்கு முன் ஒன்று, செய்யும்போது ஒன்று, முடிந்த பின் ஒன்று. உங்கள் முகம் ஒன்றிலாவது தெரிய வேண்டும். பெக்டரிக்குள் படம் எடுக்க டீமேக்கரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எங்கே, எப்போது, என்ன வேலை, நியமத்தில் எந்த அலகு என்று ஒரு வரி எழுதுங்கள்.

மூலப் பிரதிகளை எங்கேயும் கையளிக்காதீர்கள். காட்டுங்கள், உறுதிப்படுத்திய போட்டோக் கொப்பியைக் கொடுங்கள். ஓர் ஆபீஸில் என் ஃபைலைக் காணவில்லை என்று சொல்லித் திரும்ப எல்லாவற்றையும் கேட்டார்கள். வீட்டில் இரண்டாவது செட் இருந்ததால் அன்றே கொடுக்க முடிந்தது.

5. விண்ணப்பமும் மொழியும்

ஃபைலோடு உங்கள் மாவட்டத்து நைட்டா ஆபீஸுக்குப் போங்கள். கச்சேரி வேலையையும் இதையும் ஒரே நாளில் முடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பொறுப்பான உத்தியோகத்தர் களவேலைக்குப் போயிருந்தால் அந்த நாள் போயிற்று. முதல் நாள் போன் எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.

படிவத்தில் மொழி கேட்கும் இடத்தில் தமிழ் என்று போட்டுவிட்டு, வாயாலும் சொல்லுங்கள். எல்லாத் தொழிலுக்கும் தமிழ் தெரிந்த மதிப்பீட்டாளர் கிடைப்பதில்லை. அதனால் "சிங்களத்தில் என்றால் சீக்கிரம் நடக்கும்" என்பார்கள். உங்களுக்குச் சிங்களம் நன்றாக வரும் என்றால் சரி. செய்முறையை எந்த மொழியிலும் செய்துகாட்டலாம், ஆனால் "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்ற கேள்விக்குத் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னால் தெரிந்ததும் தெரியாததாகிவிடும். நான் தமிழுக்காகக் காத்திருந்தேன். அதே தொழிலுக்குத் தமிழில் கேட்கும் நாலைந்து பேர் சேர்ந்து போனால் ஒரே நாளில் ஏற்பாடு செய்வது அவர்களுக்கும் லேசு.

தனியார் நிலையங்கள் சிலவும் மதிப்பீடு செய்கின்றன. அங்கே போவதானால் அந்த நிலையம் பதிவு செய்யப்பட்டதா, உங்கள் தொழிலுக்கு, உங்கள் மட்டத்துக்கு அங்கீகாரம் பெற்றதா என்று ஆணைக்குழுவின் பட்டியலில் பாருங்கள். நிலையத்துக்குப் பதிவு இருக்கும், பாடநெறிக்கு இருக்காது, அப்படியும் நடக்கும். மதிப்பீடே இல்லாமல் சான்றிதழ் எடுத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள். உண்மையான என்.வி.கியூ.வை ஆணைக்குழுவின் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம், போலியை அங்கே காண முடியாது. டிப்ளோமாவுக்குப் போகும்போது முதலில் பார்ப்பதே அதைத்தான்.

6. மதிப்பீட்டு நாள்

முதலில் உட்கார வைத்து ஃபைலைப் புரட்டுவார்கள், கேட்பார்கள். பிறகு செய்முறை. வேலைத்தலத்திலோ பயிற்சி நிலையத்திலோ நடக்கும். உங்கள் சொந்த ஆயுதப் பையைக் கொண்டுபோங்கள். பழக்கமில்லாத ஸ்க்ரூ ட்ரைவரில் கை நடுங்கும். பாதுகாப்புச் சப்பாத்து கட்டாயம். செருப்போடு போய் நிற்காதீர்கள்.

அனுபவசாலிகள் விழுவது பெரும்பாலும் வேலையில் இல்லை, ஒழுங்கில். பெக்டரியில் ட்ரஃப் விசிறி நின்றுவிட்டால் கொழுந்து வீணாகும் என்ற அவசரத்தில் நாம் ஓடிப்போய்க் கை வைப்போம். மதிப்பீட்டாளர் பார்ப்பது வேறு. மெயினை நிறுத்தினாயா, பூட்டினாயா, எச்சரிக்கை அட்டை மாட்டினாயா, மின் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்த்தாயா? அதன் பிறகுதான் கை. வயரின் காப்பைச் சோதிக்க மெகர் போடும்போது பல்புகளையும் எலக்ட்ரோனிக் சாமான்களையும் கழற்றினாயா, 230 வோல்ட் சுற்றுக்கு எத்தனை வோல்டில் சோதித்தாய், வாசிப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். 500 வோல்ட், குறைந்தது 1 மெகாஓம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ட்ரிப் சுவிச் 30 மில்லியம்பியர் என்பது நமக்குத் தெரியும். ஏன் 30 என்பதையும் படித்துக்கொண்டு போங்கள்.

முடிவு இரண்டில் ஒன்று: தகைமை உடையவர், அல்லது இன்னும் தகைமை பெறவில்லை. இரண்டாவது வந்தால் மனம் உடைய வேண்டாம். தேறிய அலகுகளுக்கு அடைவுப் பதிவு என்று ஒரு தாள் தருவார்கள். மிச்ச அலகுகளை மட்டும் பிறகு முடிக்கலாம். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் வீட்டுக்கு வந்தவர்கள் திரும்ப முதலிலிருந்து தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

7. சான்றிதழ் வரும்வரை

மாதங்கள் ஆகும். அதுவரை சும்மா இருக்காமல் ஆங்கிலமும் கணக்கும் தொடங்குங்கள், ஏன் என்று அடுத்த படியில் சொல்கிறேன். சான்றிதழ் கையில் வந்ததும் பெயர், அட்டை இலக்கம், தொழில், மட்டம் நான்கையும் அந்த இடத்திலேயே சரிபாருங்கள்.

மின்னியலாளர்களுக்கு ஒரு வார்த்தை: பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் மின்னியலாளர் அனுமதிப்பத்திரத்துக்கும் இதே என்.வி.கியூ. தான் அடிப்படை. டிப்ளோமா வரை போகாவிட்டாலும் அதை எடுத்துவிடுங்கள்.

8. டிப்ளோமா: 5ஆம், 6ஆம் மட்டம்

மலையகத்துக்குக் கிட்டியவை கண்டியிலும் பதுளையிலும் உள்ள தொழில்நுட்பவியல் கல்லூரிகள். இரண்டும் தொழில்நுட்பக் கல்வி பயிற்சித் திணைக்களத்தின் கீழ் வருபவை. ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தாருக்குக் கண்டி, ஹப்புத்தளை, பசறைப் பக்கத்தாருக்குப் பதுளை. எல்லா டிப்ளோமாவும் இரண்டு இடத்திலும் இல்லை, ஆகவே பட்டியலைப் பார்த்து முடிவெடுங்கள். ஜனவரியில் தொடங்கும் வகுப்புகளுக்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் விண்ணப்பம் கேட்பார்கள். அதற்குள் 4ஆம் மட்டச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்றால், ஃபைல் வேலையை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்திருக்க வேண்டும்.

முழுநேரமா, பகுதிநேரமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முழுநேரம் என்றால் சம்பளம் நிற்கும். டிப்ளோமாவுக்குள் தொழிலகப் பயிற்சிக் காலமும் இருக்கிறது. உங்கள் பழைய வேலைத்தலத்திலேயே அதைச் செய்ய விடுவார்களா என்று முன்கூட்டியே கல்லூரியில் பேசுங்கள்.

படிப்பு ஆங்கிலத்தில். ஆர்.பி.எல்.லில் வந்தவர்களுக்கு உண்மையான மேடு இங்கேதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். ரோலர் மோட்டாரை ஸ்டாரில் தொடங்கி டெல்டாவுக்கு மாற்றினால் தொடக்க மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்று எனக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். வகுப்பில் அதை நிறுவச் சொன்னார்கள். 400ஐ வர்க்கமூலம் மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 231 என்று தொடங்கி, கோணம், சைன், கோசைன் என்று போகிறது. உயர்தரம் முடித்து வந்த பையன்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஆனால் பேனலைத் திறந்து பழுதைப் பிடி என்றால் அவர்கள் நம்மைத்தான் தேடுவார்கள். அப்படி ஒருவரோடு சேர்ந்து படியுங்கள், இருவருக்கும் லாபம். ஓ.எல். கணிதப் புத்தகத்தை முன்கூட்டியே ஒருமுறை முழுதாகச் செய்து முடித்துவிட்டு வந்தால் பாதிப் பாரம் குறையும்.

9. பட்டம்

யுனிவோடெக் விண்ணப்பம் கேட்கும்போது பத்திரிகையிலும் இணையதளத்திலும் அறிவிப்பு வரும். 5 அல்லது 6ஆம் மட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம் என்பது தகுதி மட்டுமே. அதன் மேல் தெரிவு இருக்கிறது, தகுதிகாண் பரீட்சை இருக்கிறது. எந்தப் பட்டத்துக்கு 5 போதும், எதற்கு 6 வேண்டும் என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள், நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வேலை செய்பவர்களுக்கு வார இறுதி வகுப்புகள் உண்டு. அவற்றுக்குக் கட்டணமும் உண்டு.

வீட்டிலிருந்தே படிக்க வேண்டியவர்கள் திறந்த பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். அதன் கண்டிப் பிராந்திய நிலையம் பொல்கொல்லையில் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே படித்த பாடங்களுக்கு விலக்குக் கேட்க முடியும். விலக்குக் கேட்பதானால் சான்றிதழ் மட்டும் போதாது. டிப்ளோமாவின் பாடவாரியான பெறுபேற்று விவரமும், ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டமும் வேண்டும். இவற்றைக் கல்லூரியை விட்டு வரும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பழைய பாடத்திட்டத்தைக் கேட்டால் தேடி எடுத்துத் தர ஆள் இருக்காது. பதிவு முடிந்த பிறகு விலக்குக் கேட்டால் தாமதமாகிவிடும், பதிவுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள்.

10. செலவு

அரசாங்கக் கட்டணங்கள் மாறிக்கொண்டே இருப்பதால் தொகை எழுதவில்லை. எங்கே கட்டினாலும் ரசீது வாங்குங்கள், ரசீது தராத இடத்தில் கட்டாதீர்கள். உண்மையில் பையைக் கடிப்பது கட்டணம் இல்லை. போன நாளுக்கெல்லாம் பேர் விழாது, நாட்சம்பளம் போய்விடும். அதோடு பஸ் காசு, கொப்பி, மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி. ஆகவே ஒரே பயணத்தில் இரண்டு மூன்று வேலையைச் சேருங்கள்: பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கிராம உத்தியோகத்தர் சான்றிதழுக்கு மேலொப்பம், சத்தியக்கடதாசி மூன்றும் ஒரு நாளில் முடியக்கூடியவை. கிராம உத்தியோகத்தர் ஆபீஸில் இருக்கும் நாளை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரத்மலானையில் வார இறுதி வகுப்புக்கு ஹட்டனிலிருந்து போய்வருபவர்கள், வெள்ளி இரவு பஸ்ஸில் போய்ச் சனி, ஞாயிறு வகுப்பை முடித்துத் திங்கள் விடிய வேலைக்குத் திரும்புகிறார்கள். செய்ய முடியாதது இல்லை, ஆனால் உடம்பு சொல்லும். கொழும்பில் சொந்தக்காரர் வீடு இருந்தால் சனிக்கிழமை இரவுக்கு இப்போதே பேசி வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கல்கிசை, இரத்மலானைப் பக்கத்தில் ஓர் அறை எடுக்கலாம். அட்வான்ஸ் கேட்பார்கள், அந்தப் பணத்தை முதல் தவணைக் கட்டணத்தோடு சேர்த்துக் கணக்கில் வையுங்கள்.